சாரதி கேட்காத கேள்வி

கேள்வி: எங்கள் ஊர்ப் பெயரில் வந்த ‘திண்டுக்கல் சாரதி’ வெறும் சிரிப்புப் படம்தானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை அம்மா. ஸ்ரீனிவாசன் 1989-இல் மலையாளத்தில் இயக்கிய ‘வடக்குநோக்கியந்திரம்’தான் 2008-இல் கருணாஸ் நடிக்கத் தமிழுக்கு வந்தது. தன் தோற்றத்தைக் குறையாக நினைக்கும் சாரதி, அழகான மனைவியைச் சந்தேகிக்கிறான்.

இந்தச் சந்தேகத்தைப் புரிந்துகொள்ள ஒரு கோட்பாடு உதவும். புதிதாக அறிமுகமாகிறவர்கள் பேசிக்கொள்வது ஒருவரைப் பற்றி ஒருவருக்குள்ள நிச்சயமின்மையைக் குறைக்கத்தான் என்றார்கள் தகவல்தொடர்பு ஆய்வாளர்கள் பெர்கரும் கலாப்ரீஸும், 1975-இல். அதற்கான வழிகளைப் பெர்கர் பின்னர் பிரித்துக் காட்டினார்: விலகி நின்று கவனிப்பது, பிறரிடம் விசாரிப்பது, நேரில் பேசுவது. சாரதி கவனித்துக்கொண்டே இருக்கிறான். பார்த்ததெல்லாம் சந்தேகத்துக்கே தீனியாகிறது. “எனக்குத் தாழ்வு மனப்பான்மை இருக்கிறது” என்று மனைவியிடம் மனம் திறப்பதுதான் அவனுக்கான வளர்ச்சி. அதுவரை அவன் கேட்பதெல்லாம் அவளுக்குக் குறுக்கு விசாரணைதான்.

மறுபடி பாருங்கள். இம்முறை மனைவியின் பக்கம் நின்று பாருங்கள்.