மருவும் பாலுண்ணியும்: வீட்டில் எதைச் செய்யலாம்?

ஆகஸ்டில் மன்னார் மடுத் திருவிழாவுக்குப் போய்வரும் நம் தோட்டத்து மக்கள், அங்கே கேட்ட கைவைத்தியத்தையும் கொண்டுவருவதுண்டு. "எருக்கலைப் பால் வச்சா மரு உதிர்ந்துரும்" என்பார்கள். மன்னார்க் கரையில் எருக்கலைக்குப் பஞ்சமில்லை. நம் லயங்களிலோ சுண்ணாம்பையும் சோடாவையும் குழைத்து வைப்போம். இரண்டுமே சுற்றியுள்ள நல்ல தோலையும் வேகவைத்துவிடும். எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கும்.

முதலில் இரண்டையும் பிரித்தறிவோம்.

மரு: கழுத்திலும் அக்குளிலும் காம்புபோல் தொங்கும் தோல். தொற்றாது, தீங்கில்லை. நூல் கட்டுவதும் பிளேடால் அறுப்பதும் வேண்டாம். இரத்தம் வரும், சீழ் பிடிக்கும். உறுத்தினால் ஆஸ்பத்திரியில் எடுத்துவிடலாம்.

பாலுண்ணி: கை கால்களில் சொரசொரப்பாக எழும்பும். வைரஸ் கிருமியால் வருவது, தொற்றும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 2 வருடத்துக்குள் தானாகவே போய்விடும். வைத்தியம் செய்வதானால் மருந்துக்கடையில் சாலிசிலிக் அமில மருந்து கேளுங்கள். பாலுண்ணியை வெந்நீரில் 5 நிமிடம் ஊறவைத்து, துடைத்து, அதன்மேல் மட்டும் பூசுங்கள். பல வாரம் பொறுக்க வேண்டும். முகத்திலும் மறைவிடத்திலும் பூசக்கூடாது. சீனி வருத்தக்காரர் வைத்தியரைக் கேட்காமல் எதையும் பூசக்கூடாது.

கறுத்து வளரும் மச்சம், இரத்தம் கசியும் கட்டி, ஆறாத புண் இவற்றுக்குக் கைவைத்தியமே வேண்டாம். உணர்ச்சியற்ற வெளிர் தேமல் தொழுநோயாகவும் இருக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்கு மருந்து இலவசம், குணமாகும்.

ஒரு நாள் பேர் போகுமே என்று தள்ளிப்போடுகிறோம். வெந்துபோன கையோடு எத்தனை நாள் கொழுந்து பறிக்க முடியும்?