ஆசைக்கு வாங்கியதைக் குளத்தில் விடலாமா? மீன், ஆமை, கிளி வளர்ப்போருக்கு 13 குறிப்புகள்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர், மாத்தூர், விராலிமலைக்காரர்களுக்கு மீன் தொட்டி, ஆமைக்குட்டி, கலர் கிளி என எது வேண்டுமானாலும் திருச்சிதான் கடைத்தெரு. வாங்கி வருவது சுலபம். வளர்ந்து தொட்டி கொள்ளாமல் போகும்போதுதான், ‘பாவம், குளத்திலாவது விட்டுவிடலாம்’ என்று தோன்றும். அந்த இரக்கம் குளத்துக்கு வினையாகாமல் இருக்க வீட்டில் செய்ய வேண்டியவை இவை.

1. குட்டியின் அழகைப் பார்த்து வாங்காதீர்கள். வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும், எத்தனை வருடம் வாழும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள அமெரிக்க ஆமை, குட்டியில் உள்ளங்கைக்குள் அடங்கும். வளர்ந்த பெண் ஆமையின் ஓடு ஒரு சாணைத் தாண்டும்; 20, 30 வருடம் வாழும். பத்து வயதுப் பையனுக்கு வாங்கிக் கொடுத்தால், அவனுக்குக் கல்யாணமான பிறகும் அதற்குத் தண்ணீர் மாற்ற ஆள் வேண்டும்.

2. இந்தச் சிவப்புக் காது ஆமையைக் குளத்திலோ, கிணற்றிலோ, கோயில் தெப்பக்குளத்திலோ விடவே கூடாது. நம் பாலாமையும் காராமையும் தின்னும் இரையையும், வெயில் காயும் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும். உலகின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இதுவும் ஒன்று. திருச்சூர்ப் பக்கம் கால்வாயில் 2018-ல் இது அகப்பட்டது. அதன்பின், வீட்டில் வளர்ப்பவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் கேட்டுக்கொண்டது.

3. ஆமையைத் தொட்டாலும், அதன் தண்ணீரை மாற்றினாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சமையலறைத் தொட்டியில் அதைக் கழுவாதீர்கள். ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்ததால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைக்குட்டிகளின் விற்பனையை 1975-லேயே தடை செய்தார்கள்.

4. பாசியைத் தின்னும் என்று கடையில் கொடுக்கும் ‘டேங்க் கிளீனர்’ மீன் வேண்டவே வேண்டாம். தொட்டியில் விரல் நீளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இது, பிறகு ஒரு முழத்துக்கு வளரும். உடம்பு முழுக்கக் கவசம் போன்ற எலும்புத் தகடு, துடுப்பில் முள். வலையில் சிக்கினால் வலை கிழியும். கரையில் ஆழமாக வளை தோண்டி முட்டையிடுவதால் கரை மண்ணும் சரியும். பாசியைச் சுரண்ட ஒரு பழைய பல்துலக்கியோ ஸ்பாஞ்சோ போதும்.

5. ‘ஒரு மீன்தானே, என்ன ஆகிவிடும்’ என்று நினைக்காதீர்கள். புதுக்கோட்டை மாவட்டக் கண்மாய்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை வெளுத்து வாங்கினால் மேலே உள்ள கண்மாய் நிறைந்து, கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். தண்ணீரோடு மீனும் போகும். கோடையில் குளம் வற்றினால் செத்துவிடும் என்றும் இருக்க முடியாது. டேங்க் கிளீனர் காற்றை விழுங்கி, தண்ணீர் இல்லாமலே பல மணி நேரம் தாங்கும்.

6. தொட்டித் தண்ணீரைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத நத்தை முட்டை, மீன் குஞ்சு, நோய்க்கிருமி எல்லாம் அதில் இருக்கும். தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றுங்கள். மீன் கழிவு கலந்த தண்ணீர் செடிக்கு நல்ல உரம்.

7. மீன் தொட்டியில் உள்ள செடியைக் கழித்துக் கட்டும்போது சிமென்ட் தரையில் பரப்பி, சருகாகும்வரை வெயிலில் காயவிட்டு, பிறகு உரக்குழியில் போடுங்கள். பச்சையாகத் தூக்கிப் போட்டால், தண்ணீர் பட்ட இடத்தில் ஒரு கணு பிழைத்துக்கொண்டாலும் போதும், மறுபடி தழைத்துவிடும். நம் குளங்களை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவந்ததுதான்.

8. வாசலிலோ மொட்டை மாடியிலோ சிமென்ட் தொட்டியில் மீன் வளர்த்தால், மழைக்கு முன்பே மேலே நைலான் வலை கட்டுங்கள். விளிம்புக்கு அரை அடி கீழே ஒரு வடிகுழாய் வைத்து, அதன் வாயிலும் கொசுவலைத் துணியைச் சுற்றிவிடுங்கள். தொட்டி நிரம்பி வழியும்போதுதான் மீன்கள் அதிகம் தப்பிக்கின்றன.

9. கோடையில் மீன்பிடித் திருவிழாவுக்கு ஊத்தாவோடு இறங்குபவர்கள் கவனிக்க: கெண்டை, விரால், ஜிலேபிக்கு நடுவே கரும்புள்ளி வரிகளோடு, சொரசொரப்பான உடம்பும் அடிப்பக்கம் வாயும் உள்ள மீன் வந்தால் அது டேங்க் கிளீனர். ‘இது சாப்பிட உதவாது’ என்று மறுபடி தண்ணீரில் வீசாதீர்கள். படம் எடுத்து மீன்வளத் துறைக்குத் தெரிவித்துவிட்டு, கரையை விட்டுத் தள்ளிக் குழி தோண்டிப் புதையுங்கள். பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் சீக்கிரம் வளரும் என்று நம்பி ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு வாங்கக் கூடாது. அதை வளர்க்க 2000-த்திலிருந்து தடை இருக்கிறது.

10. தோட்டத்தில் கைப்பிடி அளவுக்குப் பெரிய நத்தை கண்ணில் பட்டால் வெறுங்கையால் எடுக்காதீர்கள். அது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு அதன் உடம்பில் இருக்கலாம். சாயங்காலம் ஈரச்சாக்கின் மேல் பப்பாளி இலை, முட்டைக்கோஸ் இலை போட்டு வையுங்கள். இருட்டியதும் வந்து அண்டும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புக் கரைசலில் போடுங்கள். 1847-ல் பென்சன் என்ற நத்தை ஆராய்ச்சியாளர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து, கல்கத்தாவில் நண்பரிடம் விட்டுச் சென்ற சில நத்தைகளிலிருந்து தொடங்கியதுதான் இந்தத் தொல்லை.

11. மலைப்பாம்பு, இகுவானா போன்றவற்றை ‘ஸ்டைலுக்கு’ வளர்க்கும் ஆசை வேண்டாம். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து வந்த பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டது நம் திருச்சி விமான நிலையத்தில்தான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வீட்டுக்கு வாங்கி, வளர்ந்ததும் விட்ட பர்மா மலைப்பாம்புகள் பெருகி, எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் ரக்கூன் போன்ற விலங்குகள் ஏறக்குறைய அற்றுப்போயின. அந்தப் பாம்புகளைப் பிடிக்க ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 2017-ல் வரவழைத்தது யாரைத் தெரியுமா? செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும். இருவரும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

12. கிளி, ஆமை எதுவானாலும் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு உயிர்களை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மக்கா, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, இகுவானா போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருந்தால் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், செத்தாலும், கை மாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். கூண்டுக் கதவுக்கு ஒரு கொக்கியும் சன்னலுக்கு வலையும் அவசியம். நம்மூர்ப் பச்சைக்கிளி வளர்ப்புக் கூண்டிலிருந்து வெளியேறி, லண்டன் பூங்காக்களில் கூட்டம் கூட்டமாகப் பெருகியிருக்கிறது. நமக்கு அது உள்ளூர்க் கிளி, அவர்களுக்கு அந்நியக் கிளி.

13. இனி வளர்க்க முடியாது என்றால் முதலில் வாங்கிய கடையில் கேளுங்கள். வாங்கும்போதே ‘திருப்பித் தந்தால் எடுத்துக்கொள்வீர்களா’ என்று பேசிக்கொள்வது இன்னும் நல்லது. இல்லாவிட்டால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஆமை, பாம்பு என்றால் புதுக்கோட்டை மாவட்ட வன அலுவலகத்தில் விசாரியுங்கள். யாரும் ஏற்காமல், நோயும் வந்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பிறந்தநாளுக்கோ புதுமனைப் புகுவிழாவுக்கோ உயிருள்ளதைப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள், வாரா வாரம் தொட்டி கழுவப்போவது யார் என்று அந்த வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.