ஜி கார்ட் போட்டாலே கூவுகிற கிட்டார்

கேள்வி: என்னிடம் யமஹா எஃப்310 கிட்டார் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். முகூர்த்த மாதங்களில் ஒரு மெல்லிசைக் குழுவோடு ரிசப்ஷன்களுக்கும் போவதுண்டு. மேல் பலகையில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான பிக்கப் ஒன்றை வாங்கி, வயரை நேராக மிக்ஸரில் சொருகுகிறேன். சர்ச்சில் சத்தம் தகர டப்பா மாதிரி மெலிந்து கேட்கிறது. ரிசப்ஷன் மேடையிலோ ஜி கார்ட் போட்டாலே ‘ம்ம்ம்’ என்று கூவுகிறது. சவுண்ட்காரர் என் சேனலை இறக்கிவிடுகிறார். கடையில் கேட்டால் கிட்டாரின் பக்கவாட்டை வெட்டி ஈக்வலைசர் பொருத்தித் தருகிறோம் என்கிறார்கள். எந்தப் பிக்கப் வாங்கலாம்? இல்லை, இதை விற்றுவிட்டு எலெக்ட்ரோ-அகூஸ்டிக் கிட்டாரே வாங்கிவிடலாமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வெட்டவே வேண்டாம். கடைக்காரர் சொல்வது நாலு பேண்ட் ஈக்வலைசரும் ட்யூனரும் சேர்ந்த மலிவான ப்ரீஆம்ப். அதைப் பொருத்தப் பக்கப் பலகையில் செவ்வகமாக ஒரு துண்டை அறுத்து எடுக்க வேண்டும். அது கெட்டுப்போனால், அதே அளவில் வேறொன்று கிடைக்கும்வரை கிட்டாரில் ஓட்டைதான் மிஞ்சும்.

இரண்டு குறை சொல்லியிருக்கிறீர்கள். முதல் குறைக்குப் பழி பிக்கப்பைவிட அதைச் சொருகுகிற இடத்துக்குத்தான் சேர வேண்டும். உங்களுடையது பீசோ வகை. அழுத்தமோ அதிர்வோ பட்டால் மின்னழுத்தம் தரும் பொருளால் ஆனது. மின்கணக்கில் அது ஒரு கெப்பாசிட்டர். இம்மாதிரி வட்டத்தகடு ஏறக்குறைய 20 நானோஃபாரட் இருக்கும். மிக்ஸரின் சாதாரண லைன் இன்புட் 10 கிலோ ஓம் வாக்கில். இவை இரண்டும் சேர்ந்தால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் சரியத் தொடங்கிவிடும். உங்கள் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். அதன் அடிச்சுருதியில் பத்தில் ஒரு பங்குதான் மிக்ஸருக்குள் போகிறது. தகர டப்பா கேட்காமல் வேறென்ன கேட்கும்? அதே பிக்கப்பை 1 மெகா ஓம் இன்புட்டில் சொருகிப் பாருங்கள், வேறு கிட்டாரோ என்று தோன்றும். சில மிக்ஸர்களில் ஓரிரு சேனலுக்கு மட்டும் ‘ஹை-இசட்’ அல்லது கிட்டார் என்று எழுதிய பட்டன் இருக்கும். வருகிற ஞாயிறு முதல் வேலையாக அதைத் தேடுங்கள். காசில்லாத வைத்தியம்.

இரண்டாவது குறை இந்த முதலாவதிலிருந்தே பிறக்கிறது. சத்தம் மெலிந்திருப்பதால் சவுண்ட்காரர் கெயினையும் பேஸையும் ஏற்றுகிறார். கிட்டாரின் உடம்புக்குள் அடைபட்ட காற்றுக்கென்று ஓர் ஒத்ததிர்வு உண்டு. உங்களுடையதைப் போன்ற ட்ரெட்நாட் வடிவக் கிட்டார்களில் அது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியே வரும். ஜி கார்டில் ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் விரல் வைக்கிறீர்களே, அந்த ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். மானிட்டரிலிருந்து வரும் அதே சுருதி உடம்பை உலுக்க, பிக்கப் அதையும் எடுத்து மறுபடி மானிட்டருக்கு அனுப்ப, சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டே போகிறது. வேறு கார்டில் அவ்வளவாகக் கூவாமல் ஜி-யில் மட்டும் கூவுவது ஏன் என்று குழம்பியிருப்பீர்கள். காரணம் இதுதான்.

ஆக, பிக்கப் தேர்ந்தெடுக்கும்போது எது மிக இயல்பாக ஒலிக்கிறது என்று கேட்டு இறங்கினால் ஆளுக்கொரு பெயர்தான் வரும். நீங்கள் ஏறுகிற மேடைகளிலேயே அதிகச் சத்தமான மேடை எது என்று பாருங்கள், அதைத் தாங்குகிற பிக்கப்பை வாங்குங்கள். அமைதியான இடத்துக்கு ஒரு மைக்கை ஸ்டாண்டில் வைத்துச் சமாளிக்கலாம். ட்ரம்ஸும் ரிதம் பேடும் கீபோர்டும் முழங்குகிற ரிசப்ஷன் மேடையில் அது நடக்காது.

ஒரு பிக்கப் கிட்டாரின் உடம்பை எவ்வளவு கேட்கிறதோ, அவ்வளவுக்கு இயல்பாக ஒலிக்கும். அவ்வளவுக்குக் கூவவும் செய்யும். உடம்பை அதிகம் கேட்பவை மேல் பலகையோடு ஒட்டுபவை. இவற்றில் நல்லது கே அண்ட் கே ப்யூர் மினி மாதிரியானது. மூன்று சிறு வட்டங்களைப் பிரிட்ஜுக்கு நேர் அடியில், உள்பக்கமாக, சூப்பர் க்ளூ வைத்து ஒட்டுவார்கள். பேட்டரி கிடையாது. தனியாகவோ ஒரு பாடகரோடோ விரல்களால் வாசிப்பவருக்கு இதைத்தான் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது, சாடிலுக்கு அடியில் படுக்க வைக்கும் பீசோ பட்டை. கடையில் விற்கும் எலெக்ட்ரோ-அகூஸ்டிக் கிட்டார்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான். கம்பி சாடிலை அழுத்துகிற விசையைத்தான் இது முக்கியமாக உணர்கிறது, அதனால் ஒட்டுகிற வகையைவிடக் கூவல் குறைவு. ஆனால் ஓங்கி ஸ்ட்ரம் செய்தால் ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் ‘க்வாக்’ என்று ஒரு பிளாஸ்டிக் ஓசை வரும். இதன் கெப்பாசிட்டன்ஸ் வட்டத்தகட்டைவிட மிகக் குறைவு, பலவற்றில் 1 நானோஃபாரட் வாக்கில்தான். 1 மெகா ஓமில் சொருகினாலும் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே கொஞ்சம் இழப்போம். கிட்டாருக்குள்ளேயே ப்ரீஆம்ப் வைப்பது இதற்காகத்தான்.

இதைப் பொருத்துவதில் கைவேலை முக்கியம். பட்டையின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு சாடிலின் அடியைத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் கம்பி உயர்ந்து விரல் வலிக்கும். சாடில் உட்காரும் பள்ளத்தின் அடித்தளம் கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தாலும் ஒரு கம்பி கத்தும், பக்கத்துக் கம்பி முனகும். பி கம்பி மட்டும் கேட்கவில்லை என்று பிக்கப்பை மாற்றியவர்கள் உண்டு; புதியதும் அதே பள்ளத்தில் அதே மாதிரிதான் ஒலிக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வகை, சவுண்ட் ஹோலில் மாட்டும் மேக்னடிக் பிக்கப். எஃகுக் கம்பியின் அசைவைக் காந்தப்புலம் வழியாக எடுப்பதால், உடம்பின் உறுமல் இதற்கு அதிகம் கேட்காது. சத்தமான மேடையில் இதைப் போலத் தாக்குப்பிடிப்பது வேறில்லை. குறையும் அதிலேயே இருக்கிறது, கொஞ்சம் எலெக்ட்ரிக் கிட்டார் சாயல் அடிக்கும். 1993-ல் நிர்வாணா குழுவின் எம்டிவி அன்ப்ளக்டு நிகழ்ச்சியில் கர்ட் கோபேன் தன் மார்ட்டின் கிட்டாரின் சவுண்ட் ஹோலில் மாட்டியிருந்ததும் மேக்னடிக் பிக்கப்தான். அந்தச் சாயலை ரசிகர்கள் யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. ரிசப்ஷனில் ‘இளைய நிலா’ கேட்கிறவர்களும் சொல்ல மாட்டார்கள்.

வாங்கும்போது ஹம் வராத இரட்டைச் சுருள் மாடலா என்று பாருங்கள். ஒற்றைச் சுருள் விலை குறைவு, ஆனால் சீரியல் லைட்டும் டிம்மரும் ஜெனரேட்டரும் சூழ்ந்த கல்யாண மேடையில் பாட்டுக்குப் பாட்டு ‘ங்ங்ங்’ என்று இரையும். சீமோர் டங்கன் வுடி வரிசையில் ஹம் நீக்கும் மாடல் இருக்கிறது, அது உங்களுக்குப் போதும். ஃபிஷ்மேன் ரேர் எர்த், எல்.ஆர். பேக்ஸ் எம்80 ஆகியவை இன்னும் மேல்தரம், விலையும் மேலே. எம்80 உடம்பின் அசைவையும் சற்று உணரும்படி செய்யப்பட்டது. அதனால் ஒலி இன்னும் மரத்தன்மையோடு இருக்கும். முதல் பிக்கப்புக்கு அவ்வளவு செலவு வேண்டாம் என்பது என் கட்சி. மிச்சக் காசில், கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு டிஐ பாக்ஸ் வாங்குங்கள். மேக்னடிக்குக்குச் சாதாரண பாஸிவ் டிஐ போதும். பீசோ என்றால்தான் இம்பிடன்ஸ் உயர்ந்த ஆக்டிவ் டிஐ தேடிப்போக வேண்டும். மேடையிலிருந்து மிக்ஸர்வரை எக்ஸ்எல்ஆர் வயர் ஓடினால் வழியில் இரைச்சல் ஏறுவதும் குறையும்.

மாட்டியதும் ஒரு வேலை இருக்கிறது. பித்தளை நிறத்தில் இருக்கிற தடித்த கம்பிகளில் மேலே சுற்றிய வெண்கலத்தைக் காந்தம் கண்டுகொள்வதில்லை, உள்ளே ஓடும் எஃகை மட்டும்தான் உணரும். ஆனால் பி கம்பியும் மெல்லிய ஈ கம்பியும் முழுக்க எஃகு. அதனால் அவை இரண்டும் தூக்கலாகக் கேட்கும். கம்பிக்கு ஒரு திருகு உள்ள மாடல் என்றால், அந்த இரண்டு திருகுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஆறு கம்பியும் சமமாக வரும்வரை சரிசெய்யுங்கள். நைலான் கம்பிக் கிட்டாருக்கு இந்த வகை வேலை செய்யாது என்பதையும் சொல்லிவைக்கிறேன், நண்பர் யாராவது கேட்பார்.

வயர் முன்பக்கம் தொங்குவது பிடிக்கவில்லையென்றால் கீழ்முனையில் பெல்ட் மாட்டும் பின் இருக்கிற ஓட்டையைச் சுமார் 12 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி அங்கே ஜாக் வைக்கலாம். உள்ளே கனமான மரக்கட்டை இருக்கிற இடம் அது. இந்த ஒரு ஓட்டைக்கு நான் தடை சொல்ல மாட்டேன், ஆனால் படிப்படியாக அகலும் ரீமர் வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள்.

மேடையில் சவுண்ட்காரரிடம் இரண்டே வேண்டுகோள். உங்கள் சேனலில் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் லோ-கட் போடச் சொல்லுங்கள், மிக்ஸரில் பெரும்பாலும் அது 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். மானிட்டரைக் கிட்டாரின் முகத்துக்கு நேரே வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். தன் மேல் அதிகாரம் செலுத்துகிறோம் என்று அவர் நினைக்காத தொனியில்.

விற்பது பற்றி. எஃப்310-ன் மேல் பலகை ப்ளைவுட் என்று யாராவது உங்களை மட்டம் தட்டியிருக்கலாம். பீட்டில்ஸின் லெனனும் ஹாரிசனும் 1962-ல் வாங்கிய கிப்சன் ஜே-160இ கிட்டார்களிலும் மேல் பலகை ப்ளைவுட்தான். கூவலைக் குறைக்கவே கிப்சன் அப்படிச் செய்தது. மேடைக்கு அது குறையே இல்லை. அதே விலையில் வரும் எலெக்ட்ரோ கிட்டார் வாங்கினால், பக்கவாட்டில் வெட்டிப் பொருத்திய, கடைக்காரர் காட்டிய அதே ரக ப்ரீஆம்ப்தான் பெரும்பாலும் கிடைக்கும். இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நல்ல கிட்டார் வாங்குகிற நாளில் பிக்கப்பைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம்.