ஒரே விலைப்பட்டியல், பல கைகள்

ஆனி மாதம் குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் சரக்கு நடமாட்டம் கூடும். தென்காசி மொத்தக் கடையில் காலையில் ஏறிய விலை, அருவிக்கரைக் கடைக்கு மாலையில் தெரிந்தால் நட்டந்தான். இதற்கு உதவுவது, பலர் ஒரே சமயத்தில் எழுதித் திருத்தும் இணையவழி மென்பொருள். 2005-ல் வந்த 'ரைட்லி'யை 2006-ல் கூகுள் நிறுவனம் வாங்கியது. அதுவே 'கூகுள் டாக்ஸ்' ஆயிற்று.

நன்மைகள்: சொந்த உபயோகத்துக்குக் கட்டணமில்லை. ஒருவர் திருத்திய விலை மற்றவர் கைப்பேசியில் உடனே தெரியும். தவறுதலாக அழித்துவிட்டாலும் முந்தைய வடிவத்தை மீட்கலாம்.

குறைகள்: இணைய இணைப்பு இல்லாதபோது செய்த திருத்தம், இணைப்பு வந்த பிறகே மற்றவருக்குப் போய்ச் சேரும். 'முகவரி தெரிந்த எவரும் திருத்தலாம்' என்று விட்டுவிட்டால், கொள்முதல் விலை வெளியாள் கண்ணில் படும். அவர் மாற்றவும் கூடும்.

ஆகவே பார்க்க மட்டும், கருத்துச் சொல்ல, திருத்த என்ற மூன்று உரிமைகளில் எது யாருக்கு என்று முதலில் தீர்மானியுங்கள். விற்பனை விலைக்கும் கொள்முதல் விலைக்கும் தனித்தனிப் பட்டியல் வையுங்கள். வேலையை விட்டு நின்றவரின் உரிமையை அன்றே நீக்குங்கள். வாரம் ஒருமுறை ஒரு படி அச்செடுத்துக் கல்லாவில் வைத்துக்கொள்ளுங்கள்.