முதலில் பசி, அப்புறம் தொப்பை

அன்புள்ள மருமகனுக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய டயட் சார்ட்டைப் பார்த்தேன். காலையில் வெறும் பிளாக் காபி, மதியம் ஒரு மணி வரை பட்டினி, அரிசி அறவே கிடையாது, இரவு ஏழு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர் மட்டும், ஞாயிற்றுக்கிழமை ‘சீட் டே’. கீழே ஒரு வரி வேறு: “குடிச்சப்போ ஒல்லியா இருந்தேன் அத்தை, விட்டப்புறம்தான் ஊதிட்டேன்.” சார்ட்டை விட அந்த வரிதான் என்னை உறுத்துகிறது. போனில் சொன்னால் ‘சரிங்கத்தை, சரிங்கத்தை’ என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக இருந்த காலத்தில், குடிநோய்க்குச் சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு என்ன சாப்பாடு, எந்த நேரத்துக்கு என்று எழுதிக் கொடுத்ததும் என் வேலையில் ஒரு பகுதி. எடையைக் குறைக்காதே என்று நான் சொல்லப் போவதில்லை. ஏழு மாதத்தில் ஒன்பது கிலோ ஏறியிருக்கிறது; குறைக்கத்தான் வேண்டும். ஆனால் உனக்கு வரிசை முக்கியம். குடிக்காத நாள் முதல் கணக்கு, எடை இரண்டாவது கணக்கு. இரண்டாவதைச் சரிபண்ணுகிறேன் என்று முதல் கணக்கில் கைவைக்கிற டயட் உனக்கு ஆகாது, அது ஊரில் யாருக்கு எவ்வளவு பலன் கொடுத்திருந்தாலும் சரி.

முதலில் அந்த ‘ஒல்லி’யைப் பார்ப்போம். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி, சர்க்கரையில் 4தான். பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும் பிராந்தியில் ஒரு குவாட்டர், அதாவது 180 மில்லி, சுமார் 60 கிராம் ஆல்கஹால். கலோரி 420-க்குக் குறையாது, ஏழு இட்லிக்குக் கிட்டத்தட்டச் சமம். இட்லியில் புரதம் இருக்கிறது, பி வைட்டமின் இருக்கிறது. பிராந்தியில் ஒன்றும் கிடையாது. போதாததற்கு இரைப்பையைப் புண்ணாக்கிவிடும், சாப்பிட்ட கொஞ்சத்திலும் சத்து உடம்பில் ஒழுங்காகச் சேராது. இரவுச் சாப்பாட்டை மூடி வைத்தபடியே விட்டுவிட்டு நீ படுத்த நாட்களை உன் அம்மாவைக் கேட்டால் சொல்லுவாள். கையும் காலும் சூம்பிப்போய் வயிறு மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. கரைந்தது கொழுப்பு இல்லையப்பா, தசை. இப்போது ஏறிய ஒன்பது கிலோவில் ஒரு பங்கு, உடம்பு தனக்கு வரவேண்டிய பழைய பாக்கியை வசூலித்துக்கொண்டது. அதற்காக வெட்கப்படாதே.

மீதிப் பங்கு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் திருப்பூர்ப் பக்கம் டீக்கடை என்றாலே பேக்கரிதான். கம்பெனி விட்டு வெளியே வந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன், பப்ஸ், ஹனி கேக். நாளுக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சர்க்கரை மட்டுமே 50 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டர் தூக்கத்துக்கும் மனசுக்கும் எழுதிக் கொடுக்கிற மாத்திரைகளிலும் சில பசியைக் கிளப்பிவிடும். மிர்டாசபின், ஓலன்சபின் எல்லாம் அந்த ரகம். உனக்கு அப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேள், மாற்றித் தர வழி இருக்கலாம். எடை ஏறுகிறது என்று நீயாக நிறுத்திவிடாதே.

இனிப்பை நாளையிலிருந்து ஒரேயடியாக விட்டுவிடுகிறேன் என்றும் சபதம் போடாதே. குடியை விட்ட புதிதில் இனிப்பு தேடுவது பலருக்கும் உள்ளதுதான். ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மீட்டிங்குகளில் பழைய ஆட்கள் புதிதாக வருகிறவர்களிடம் சட்டைப் பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அவர்களுடைய புத்தகத்திலேயே அந்த யோசனை உண்டு. தவிப்பு வரும்போது வாயில் போட்ட மிட்டாய், அந்தக் கால் மணி நேரத்தைக் கடத்திவிட்டால் அதன் வேலை முடிந்தது. அந்த மிட்டாயை நான் பிடுங்க மாட்டேன். ஆனால் பேக்கரிக் கேக்குக்கும் அதே சலுகையைக் கேட்காதே. டீயை மூன்றாக்கு, ஸ்பூனை ஒன்றாக்கு. இனிப்பு கேட்டால் இரண்டு பேரீச்சம்பழம், ஒரு வாழைப்பழம், கைக்கடக்கமாக ஒரு கடலை மிட்டாய். மாதத்துக்கு ஒரு படி இறங்கினால் போதும்.

உன் சார்ட்டில் எனக்குப் பயம் தந்தது பட்டினிதான். ஏ.ஏ.காரர்கள் நான்கு விஷயங்களைக் காவல் காக்கச் சொல்வார்கள்: பசி, கோபம், தனிமை, சோர்வு. இந்த நாலில் பசி முதலில் நிற்பது சும்மா இல்லை. வெறும் வயிற்றில் வரும் படபடப்பு, கை நடுக்கம், எரிச்சல் எல்லாம் குடிக்கத் தோன்றும்போது வருவதைப் போலவேதான் இருக்கும். உடம்பு எதைக் கேட்கிறது என்று பிரித்துப் பார்க்க அந்த நேரத்தில் உனக்கு நிதானம் இருக்காது. டாஸ்மாக் மதியம் 12-க்குத் திறந்து இரவு 10-க்கு மூடுகிறது. நீ வேலை முடிந்து களைத்து, மத்தியானச் சாப்பாடு செரித்து, பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற ஆறு, ஆறரை மணிக்கு உன்னிடம் நாலும் ஒன்றாகச் சேர்கின்றன. அந்த நேரத்தில் உன் வயிறு காலியாக இருக்கக்கூடாது. இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும்தான் கேட்பாய் என்றால் இதைக் கேள்: சாயந்திரம் ஐந்தரைக்குள் ஏதாவது சாப்பிட்டுவிடு.

என்ன சாப்பிடுவது என்பதில் உனக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வேறு ஒருவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சுண்டல் என்பேன். உனக்கு அது சைடு டிஷ்ஷாக இருந்ததா என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அவித்த கடலையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு எலுமிச்சை பிழிந்தது, மிளகு தூக்கலாக ஒரு ஆம்லெட், உப்பும் மிளகாய்த் தூளும் தடவிய மாங்காய்க் கீற்று. சத்துக்கு இதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் வருஷக்கணக்காக அந்தக் காரமும் புளிப்பும் நாக்கில் பட்டதும் அடுத்து கிளாஸ் வரும் என்று உன் மூளை பழகியிருக்கிறது. ஒரு தாளை எடு. குடிக்கும்போது எதையெல்லாம் கொறித்தாயோ அத்தனையும் எழுது. கலந்து குடித்த சோடா, கோலாவும் அதில் சேர்த்தி. அந்தப் பட்டியலுக்கு இப்போதைக்கு லீவு கொடு. முட்டை வேண்டுமா, காலையில் அவித்துச் சாப்பிடு. கடலை வேண்டுமா, குழம்பில் போடு. சாயந்திரத்துக்கு இரண்டு குழிப்பணியாரம், ஒரு கப் மோர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பாசிப்பயறு என்று அந்தப் பட்டியலில் இல்லாதது ஏதாவது போதும்.

‘சீட் டே’ என்ற பேச்சையும் விடு. சாப்பாட்டில் ஒருநாள் வரம்பு மீறினால் மறுநாள் ஒரு தோசையைக் குறைத்துச் சரிக்கட்டிவிடலாம். அது கூட்டல் கழித்தல். குடியில் அந்தக் கணக்கு கிடையாது என்பது உன்னை விட யாருக்குத் தெரியும்? ‘ஆறு நாள் ஒழுங்காக இருந்தேன், ஒருநாள் எனக்கு உரிமை’ என்ற நினைப்பை நீயே மனசுக்குள் வாரா வாரம் பழக்கப்படுத்த வேண்டாம். பிரியாணி ஆசையாக இருந்தால் செவ்வாய்க்கிழமையே ஒரு பிளேட் சாப்பிடு. அதற்கு விசேஷப் பெயர் எதற்கு?

அரிசிக்கு வருகிறேன். ரொம்ப நாள் குடித்தவர்களுக்கு முதலில் குறைகிற சத்துகளில் ஒன்று தயமின், அதாவது வைட்டமின் பி1. அது மிகவும் குறைந்தால் நடை தள்ளாடும், கண் சரியாக அசையாது, மனக் குழப்பம் வரும், ஞாபகமும் போகும். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் முதலில் பி1 ஊசி போடுவது இதற்காகத்தான். ஜாவாவில் டச்சு டாக்டர் எய்க்மன், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்குக் கால் முடங்குவதையும், தவிடோடு கொடுத்தால் தேறுவதையும் கவனித்தார். பின்னால் பி1 கண்டுபிடிப்புக்கு வழிவிட்டது அதுதான். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் வீட்டுப் புழுங்கல் அரிசியில் நெல்லை வேகவைக்கும்போதே தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் பச்சரிசியை விட அதில் பி1 கூடுதல். அரிசியை ஒதுக்க வேண்டாம், அளவைக் குறை, புழுங்கலாகப் பார்த்துச் சாப்பிடு. டாக்டர் கொடுத்த பி1 மாத்திரையையும் அவர் சொல்கிற வரை போடு.

ஒரு நாளைக்கு இப்படி வைத்துக்கொள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் மூன்று இட்லி அல்லது இரண்டு கம்பு தோசை, சாம்பார் தாராளமாக, ஒரு அவித்த முட்டை. மதியம் தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கில் பருப்போ மீனோ கோழியோ. ஐந்தரைக்கு நான் சொன்ன டிபன். இரவு எட்டுக்குள் இரண்டு சப்பாத்தியும் பயறுக் கூட்டும், அல்லது தோசையும் காய்க் குருமாவும். படுக்கும்போது பசித்தால் ஒரு டம்ளர் பால். மறுபடி தசை பிடிக்கப் புரதம் வேண்டும். சராசரி ஆளுக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 0.8 கிராமுக்குக் குறையக்கூடாது. 80 கிலோ ஆளான உனக்குக் குறைந்தபட்சம் 64 கிராம் வரும். அதைப் பவுடர் டப்பாவில் தேட வேண்டியதில்லை. முட்டை, பயறு, மீன், தயிரிலேயே தேறிவிடும்.

அடுத்து, கடையில் வாங்கக் கூடாதவை. அரிஷ்டங்கள் எல்லாம் புளிக்கவைத்துச் செய்கிறவை. லேபிளில் தானாக உருவான ஆல்கஹால் இத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும், படி. எடை குறைய என்று விற்கிற ஹோமியோபதி டிங்சர்களிலும் ஆல்கஹால் இருக்கும். நீ டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுகிறவன் என்றால் இவை முகத்தைச் சிவக்கவைத்து, நெஞ்சு படபடத்து, வாந்தியில் கொண்டுபோய் விடலாம். மாத்திரை இல்லாவிட்டாலும் அந்த ருசி போதும், உன்னைப் பழைய இடத்துக்கு இழுக்க. ‘ஜீரோ’ பீரும் அப்படியே. ஜிம்மில் ‘ஃபேட் பர்னர்’ என்று நீட்டினால் வாங்காதே. குடம்புளிச் சாறு, கிரீன் டீ சாறு அடைத்த மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். மீன் குழம்பில் போடுகிற குடம்புளிக்கு இந்தப் பயம் வேண்டாம். எடைக்கு ஊசி போடுகிறார்களே, செமாகுளுடைடு மாதிரி, அதற்குப் போனால் உன் குடி வரலாற்றையும் வயிற்று வலியில் படுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல். கணையம் ஒருமுறை வீங்கியவருக்கு யோசித்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

கல்லீரலைப் பற்றி ஒரு நல்ல சேதி. குடியால் படிந்த கொழுப்பு, குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே வடியத் தொடங்கும். ஆனால் அதே இடத்தைச் சர்க்கரையும் தொப்பையும் மறுபடி நிரப்பிவிடும். எடை குறைப்பதில் உனக்கு அவசரம் வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது என்பது இதனால்தான். வாரம் அரைக் கிலோ இறங்கினாலே நல்ல வேகம். வாரத்துக்கு ஒருநாள், ஒரே நேரத்தில் எடை பார். மற்ற நாளில் மிஷின் பக்கம் போகாதே. இஞ்ச் டேப்பால் இடுப்பையும் அள. நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் வரம்பு. தினமும் அரை மணி நேரம் வேகமாக நட, வாரம் இரண்டு மூன்று நாள் தண்டால், பஸ்கி எடு. நடக்கிற பாதையில் கடை வந்தால் பாதையை மாற்று, தூரம் கூடினால் லாபம்தான்.

என்றைக்காவது சறுக்கிவிட்டால் டயட்டைப் பற்றி அன்றைக்கு ஒரு யோசனையும் வேண்டாம். சாப்பிடு, தண்ணீர் குடி, உன் டாக்டருக்கோ மீட்டிங் ஆட்களுக்கோ போன் பண்ணு. ராத்திரி யாரும் எடுக்காவிட்டால் 14416, அரசாங்கத்தின் மனநல உதவி எண், எந்நேரமும் பேசலாம்.

தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வருகிறது. ‘என்னப்பா, இப்படி ஊதிட்டே’ என்று நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள். அவர்கள் யாரும் உன்னை வார்டில் வந்து பார்த்தவர்கள் இல்லை. சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. முதல் நாள் ராத்திரி லாட்ஜில் ரூம் போட்டுப் பையன்கள் கூடுவார்கள். நீ நம் வீட்டில் தங்கு. மறுநாள் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடு, பாயசம் உட்பட. பசியோடு மண்டபத்தில் சுற்றாதே. நடுவில் அங்கே இருக்கப் பிடிக்காமல் போனால் என்னிடம் வந்து சொல். தாலி கட்டி முடிந்திருந்தாலும் சரி, முடியாவிட்டாலும் சரி, இரண்டு பேரும் கிளம்பிவிடலாம்.

இப்படிக்கு,
உன் அத்தை