தூரத்துக் கணினியின் நாடி

கே: துவாஸில் வேலை, கடை கெலாங் பாத்தாவில். கடையின் விண்டோஸ் கணினி மதியமானால் திணறுகிறது. காரணத்தை இங்கிருந்தே கண்டுபிடிக்கலாமா?
- வாசகர், கெலாங் பாத்தா

ப: தாராளமாக. முதலில் கடையின் நெட்வொர்க்கில் வி.பி.என். வழியாகச் சேருங்கள். அங்குள்ள கணினியின் அட்மின் கணக்கு வேண்டும். கடைக் கணினியின் ஃபயர்வாலில் 'பெர்ஃபார்மன்ஸ் லாக்ஸ் அண்ட் அலர்ட்ஸ்' விதியை அனுமதியுங்கள். பிறகு உங்கள் கணினியின் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் அந்தக் கணினியோடு இணைந்து, புதிய டேட்டா கலெக்டர் செட் உருவாக்குங்கள். பிராசஸர், மீதமுள்ள மெமரி, டிஸ்க் வரிசை (டிஸ்க்கில் காத்திருக்கும் வேலைகள்) ஆகிய மூன்றையும் 15 விநாடிக்கு ஒருமுறை பதிவுசெய்தால் போதும். பதிவு கடைக் கணினியிலேயே நடப்பதால், நடுவில் இணைப்பு அறுந்தாலும் நிற்காது. திணறும் நேரத்தில் மெமரி வற்றியிருந்தால் ரேம் கூட்டுங்கள். டிஸ்க் வரிசை நீண்டால் எஸ்.எஸ்.டி.க்கு மாறுங்கள்.