கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பின் இரத்தம் கூறும் செய்தி

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அளித்த பின் நோய் அடங்கியதா என்பதை அறிய, சிலவகைப் புற்றுகளில் இரத்தச் சோதனை துணைபுரிகிறது. புராஸ்டேட் சுரப்பிப் புற்று இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அச்சுரப்பி பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தைச் சுரக்கிறது. அதில் ஒரு சிறு பகுதி இரத்தத்தில் கலக்கிறது. இப்புரதம் 1979-இல் அமெரிக்காவின் ராஸ்வெல் பார்க் நிலையத்தில் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. நோயாளிகளைக் கண்காணிக்க இச்சோதனையைப் பயன்படுத்த அந்நாட்டு அரசு 1986-இல் ஒப்புதல் வழங்கியது.

அறுவையில் சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டால், சில வாரங்களில் பி.எஸ்.ஏ. ஏறத்தாழ இல்லாமற் போகும். கதிர்வீச்சில் அவ்வாறன்று. கதிர்கள் உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. அவ்வணு பின்னர்ப் பிரிய முற்படும்போதே பெரும்பாலும் மடிகிறது. ஆகவே, அளவு மெல்ல மெல்ல இறங்குகிறது. மிகக் குறைந்த நிலையை எட்ட ஒன்றரை ஆண்டுக்கு மேலும் ஆகலாம். சுரப்பி உடலிலேயே இருப்பதால் அளவு முற்றிலும் மறைய வேண்டுமென்பதும் இல்லை.

சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில் அளவு சற்றே உயர்ந்து, தானாகவே தணிவதுண்டு. இது நோய் திரும்பியதன் அறிகுறியன்று. இவ்வேறுபாட்டைக் கருதியே, அதுவரை எட்டிய மிகக் குறைந்த அளவைவிட மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமோ அதற்கு மேலோ உயர்ந்தால் மட்டுமே நோய் மீண்டதாகக் கருதலாம் என்று 2005-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் வரையறுத்தனர்.

இவ்வரையறை பயன்பட வேண்டுமாயின் பழைய அளவுகள் கைவசம் இருத்தல் இன்றியமையாதது. நம் நாட்டிலோ, பெருநகர மருத்துவமனையில் சிகிச்சை பெற்று ஊர் திரும்புவோர் பலர், பின்னர் அவ்வப்போது வெவ்வேறு ஆய்வுக்கூடங்களை நாடுகின்றனர். சோதனை முறை மாறினால் அளவும் ஓரளவு மாறும். அதனை நோயின் உயர்வெனக் கொண்டால், தேவையற்ற அச்சமும் செலவும் சிகிச்சையும் நேரும். பழைய சீட்டுகள் தொலைந்தாலோ, உண்மையான உயர்வு கவனிக்கப்படாமற் போகும். உடன் அளிக்கப்படும் ஹார்மோன் மருந்தும் அளவைத் தாழ்த்துவதால், அது நிறுத்தப்பட்ட நாளையும் மருத்துவர் அறிந்திருக்க வேண்டும்.

எனவே, கூடியவரை ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே முறையில் சோதித்து, நாள், அளவு, மருந்து ஆகியவற்றை ஒரே அட்டையில் வரிசையாகக் குறித்து வருதல் நலம். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. ஓர் எண்ணைக் காட்டிலும் எண்களின் வரிசையே மருத்துவருக்கு வழிகாட்டும்.